பழவேற்காட்டு நண்டும் பழைய கப்பல் கணக்கும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இருக்கிறவங்க ஞாயித்துக்கிழமை மீன் சாப்பிடணும்னு கிளம்பினா, பொன்னேரி வந்து கிழக்கே திரும்பிடுவாங்க. அங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் போனா பழவேற்காடு. ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்கிற உப்பங்கழி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியா இந்தியாவிலேயே பெரிசு இதுதான்.

போறவங்கள்ல பாதிப்பேர் சரித்திரத்துக்காகப் போறதில்லைங்க, நண்டுக்காகத்தான். தப்பே இல்லை. அந்தக் குழம்புச் சட்டிக்குள்ளேயே ஊர் சரித்திரம் கிடக்கு :-)

முதல்ல அந்தச் சிவப்பு நிறம். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. மிளகாய் நம்ம நாட்டுக்கு வந்தது போர்ச்சுகீசியர் காலத்துல. 16-ஆம் நூற்றாண்டிலேயே அவங்க பழவேற்காட்டில் குடியிருந்தாங்க. அதுக்கு முன்னாடி இந்த ஊர்ல நண்டு கொதிச்சிருந்தா காரத்துக்கு மிளகுதான். சளி பிடிச்சா மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டு நண்டு ரசம் வைக்கிறோமே, அதுதான் பழைய ருசிக்குப் பக்கத்துல நிக்கிறது.

அடுத்து வந்தவங்க டச்சுக்காரங்க. விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கி 1610-ல் கடை போட்டாங்க. 1613-ல் கெல்ட்ரியா கோட்டை எழும்புச்சு. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாத்துற வரைக்கும் சோழமண்டலக் கரையில அவங்களுக்குத் தலைமையிடம் இதுதான். அவங்களுக்கு வேண்டியது ஜாதிக்காயும் கிராம்பும். அது விளையற தீவுகள்லயோ நம்ம ஊர்த் துணிக்குத்தான் கிராக்கி. ஆக, இங்கே துணியை வாங்கிக் கிழக்கே கொண்டுபோய்க் கொடுத்து, அங்கே வாசனைச் சரக்கை ஏத்தினாங்க. பஞ்ச காலங்கள்ல இந்தக் கரையிலிருந்து மனுஷங்களையே அடிமைகளா வாங்கி பத்தாவியாவுக்கு ஏத்தின கொடுமையும் நடந்துச்சு. கடைசியா 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. இன்னைக்குக் கோட்டை வெறும் மேடு. வாசல்ல எலும்புக்கூடு செதுக்கின கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறை பாதுகாப்பில நிக்குது.

இத்தனை ஜாதிக்காய் கணக்கு எழுதின ஊர்ல, மீனவர் வீட்டு நண்டுக் குழம்புக்கு ஜாதிக்காயும் வேணாம், கிராம்பும் வேணாம். புளி, மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு போதும். கப்பல் சரக்கு வேற, அடுப்புச் சரக்கு வேற.

அந்தக் கணக்கு இன்னும் மாறலைங்கிறதுதான் விஷயம். அன்னைக்கு நல்ல துணி கப்பல் ஏறுச்சு. இன்னைக்குப் பெரிய சேற்று நண்டு, கொடுக்கைக் கட்டி, உயிரோட சிங்கப்பூர் மாதிரி ஊர்களுக்கு விமானம் ஏறுது. உள்ளூர்ச் சட்டிக்கு மிஞ்சுறது சின்ன நண்டு, மடவை, கெளுத்தி, பொடி இறால். இடுப்பளவு தண்ணியில உக்காந்து, பறியைப் பல்லால கடிச்சுக்கிட்டு, கையாலேயே தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களைப் பார்த்தா, நம்ம தட்டுல விழற ஒவ்வொரு இறாலுக்கும் மரியாதை வந்துடும்.

இன்னொண்ணு. இறால் முட்டையிடுறது கடல்ல. குஞ்சு முகத்துவாரம் வழியா உள்ளே வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பணும். சேற்று நண்டும் முட்டை பொரிக்கக் கடலுக்குத்தான் போகுது. அந்த முகத்துவாரம் மணல் அடைச்சுக்கிட்டா ஏரியில வரத்து இல்லை, மீனவருக்குப் பிழைப்பும் இல்லை. டச்சுக்காரன் விட்டுப்போனப்புறமும் ஊர் நின்னுச்சு. முகத்துவாரம் அடைஞ்சா நிக்குமாங்கிறதுதான் கேள்வி.

போறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் 25-ம் தேதி இங்கே படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல இறந்தாங்க. அதுக்கப்புறம் சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டாங்க. யாராவது கூப்பிட்டாலும் ஏறாதீங்க. கரையில உக்காந்தே சாப்பிடுங்க. பெரிய நண்டுதான் வேணும்னு அடம்பிடிக்காம, மடவைக் குழம்பு கிடைக்குமான்னு கேளுங்க. ஊர் தனக்குன்னு வெச்சுக்கிட்ட ருசி அதுதான். அப்படியே அங்கே பின்னுற பனையோலைக் கூடை ஒண்ணு வாங்கிட்டு வாங்க.