பத்திரமில்லாப் பெற்றோர்: இறம்பொடைத் தோட்டங்களில் வளர்ப்புப் பிள்ளையும் போதைப்பழக்கமும்

எடுத்து வளர்த்த பிள்ளை பதினைந்து பதினாறு வயதில் போதைக்குப் பழகிவிட்டால், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் முதலில் எழும் பேச்சு "பெத்தவன் புத்தி எங்க போகும்?" என்பதுதான். அடுத்த பேச்சு வீட்டுக்குள்ளிருந்தே வரும்: "எங்க வயித்துல பொறந்திருந்தா இப்படிச் செய்வியா?" முதலாவது அறிவியலாகவும் இரண்டாவது வளர்ப்பு முறையாகவும் தவறானவை. அவன் இந்த வீட்டுப் பிள்ளை என்பது எந்த நிலையிலும் பேரத்துக்கு வராது என்ற உறுதியே வளர்ப்புப் பெற்றோரின் பெரும்பலம். தோட்டத்துப் பேச்சு, பெற்றோரின் கோபம், அரச அலுவலகங்களின் காகித நடைமுறை ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த உறுதியைக் குலைக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பேராதனையிலிருந்து நுவரெலியா செல்லும் ஏ5 வீதியில், அருவியையும் சுரங்கப்பாதையையும் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் இறங்கும் இடம் இறம்பொடை. வீதிக்கு மேலும் கீழும் தேயிலைத் தோட்டங்கள். இத்தகைய தோட்டங்களில் பிள்ளையை எடுத்து வளர்ப்பது புதிய வழக்கமன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவுசெய்தபோது, ஒரே குடும்பத்தில் சிலருக்கு இந்தியக் கடவுச்சீட்டும் சிலருக்கு இலங்கைக் குடியுரிமையும் என்ற நிலை உருவானது. பிந்திய தலைமுறையில் தாய்மார் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்குச் சென்றார்கள். இரு சூழலிலும் பிள்ளைகள் அம்மாயி வீட்டிலும் பெரியம்மா வீட்டிலும் வளர்ந்தார்கள். சில பிள்ளைகளை உறவே இல்லாத அடுத்த காம்பராவினரும் (பக்கத்து லய அறையினரும்) ஏற்றுக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தின் தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்டபோது, உறவினர் முன்னிலையில் மஞ்சள் நீர் குடித்துப் பிள்ளை எடுக்கும் சடங்கும் அதில் பதிவானது. ஆனால் இத்தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தாது. அவர்களுக்குரியது நாட்டின் பொதுச் சட்டம். ஆக, எடுத்து வளர்க்கும் வழக்கம் இருந்தது. அதை அங்கீகரிக்கும் தனிச் சட்டமோ சடங்கோ அவர்களுக்கு இருக்கவில்லை.

பொதுச் சட்டம் என்ன சொல்கிறது? 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகளைத் தத்தெடுத்தல் கட்டளைச் சட்டத்தின்படி, உள்நாட்டவர் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதமும் தேவை. இச்சட்டத்தில் பிள்ளை எனப்படுபவர் பதினான்கு வயதுக்குக் குறைந்தவர். போதை வீட்டுக்குள் நுழையும் வயது பெரும்பாலும் இந்த எல்லைக்கு அப்பால்தான் வருகிறது. கைக்குழந்தையாக வாங்கி வளர்த்த பையனுக்குப் பதினைந்து வயதில் சிக்கல் வந்து, அப்போதுதான் பத்திரம் தேடும் தாய்க்கு இந்தக் கட்டளைச் சட்டத்தின் வாசல் மூடிவிடுகிறது. பள்ளிக்கூட அதிபரின் அறையிலும் பொலிஸ் நிலையத்திலும் வைத்தியசாலை வாட்டிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: "நீங்க யாரு?" பதினைந்து ஆண்டுகள் சோறூட்டியவள் பக்கத்து வீட்டுக்காரியைப் போல நிற்க, பையன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் மனத்தில் ஏற்கெனவே கிடக்கும் சந்தேகத்துக்கு அலுவலகமே முத்திரை குத்திக் கொடுக்கிறது.

பத்திரச் சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சுமார் 11,000 குழந்தைகள் வரை தத்துக் கொடுக்கப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. அந்தத் தத்தெடுப்புகளுள் பல போலிப் பத்திரங்களோடு நடந்தவை என்பது 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியின் புலனாய்வில் அம்பலமானது. 2021 பெப்ரவரியில் அந்நாடு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே இடைநிறுத்தியது. கடல் கடந்து போன பிள்ளைக்குப் பொய்ப் பத்திரம், மலையில் வளர்ந்த பிள்ளைக்குப் பத்திரமே இல்லை. பதின்ம வயதில் "நான் யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கும்போது இருவருக்கும் நேரான பதில் கிடைப்பதில்லை.

இனி இரத்தத்தின் கதைக்கு வருவோம். கெண்ட்லர் குழுவினர் 2012இல் வெளியிட்ட சுவீடன் ஆய்வு 18,115 தத்துப்பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்தது. பெற்றவர்களுள் ஒருவருக்குப் போதைச் சிக்கல் இருந்த பிள்ளைகளில் 8.6 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 4.2 சதவீதத்தினருக்கும் அச்சிக்கல் பதிவாகியிருந்தது. இரு மடங்கு என்பது சிறிய வேறுபாடன்று. மரபுக்குப் பங்கில்லை என்று சொல்வோர் பெற்றோரை ஏமாற்றுகிறார்கள். ஆனால் அதே எண்ணை மறுபக்கமாகப் படித்தால், போதைக்கு அடிமையான தந்தைக்கோ தாய்க்கோ பிறந்தவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் அந்தப் பதிவில் வரவில்லை. வளர்ப்பு வீட்டில் மரணம், பிரிவு, போதை போன்றவை இருந்தால் ஆபத்து கூடுகிறது என்பதையும் அந்த ஆய்வே காட்டியது. அதாவது மரபுவழி ஆபத்து கூடுதலாக இருக்கும் பிள்ளைக்கே வீட்டின் உறுதி மற்றவர்களைவிட அதிகம் தேவை. லயத்துப் பேச்சு இதைத் தலைகீழாக்கி, "எப்படியும் கெட்டுப்போவான்" என்று கையைக் கழுவச் சொல்கிறது.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பாபுல், மாவா என்று தொடங்குகிறது; இத்தகைய புகையற்ற புகையிலைப் பொருள்கள் 2016இலேயே தடைசெய்யப்பட்டும் ஆள் அறிந்தால் கிடைக்கின்றன. பிறகு கஞ்சா, வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் பிரிகபலின் மாத்திரை, கடைசியில் ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைன். சம்பள நாளில் டப்பாவில் வைத்த பணம் குறைகிறது. காற்சட்டைப் பையில் வெற்று மாத்திரை அட்டை அகப்படுகிறது. அப்பா அடிக்கிறார். அம்மா அழுது, அப்பாவுக்குத் தெரியாமல் கடனை அடைக்கிறார். சண்டையின் உச்சத்தில் "இந்த வீட்ட விட்டுப் போ" என்ற சொல் விழுகிறது. பெற்ற பிள்ளை அந்தச் சொல்லைக் கோபமாகக் கேட்கும். இரண்டு நாளில் மறந்தும் விடும். வளர்ப்புப் பிள்ளை அதைத் தீர்ப்பாகக் கேட்கிறது. ஏற்கெனவே ஒரு வீட்டிலிருந்து கைமாறி வந்த பிள்ளைக்கு இன்னொரு வெளியேற்றம் நம்பக் கடினமான செய்தியன்று.

கண்டிப்பு வேண்டாம் என்பது இதன் பொருளன்று. கண்டிப்பில்லாத வீட்டில் போதை சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும். பணத்தைப் பூட்டி வைக்கலாம், கைத்தொலைபேசிக்கு ரீலோட் போடாமல் இருக்கலாம், கடைக்கடனை அடைக்க மறுக்கலாம், வீட்டுக்குள் மாத்திரை வரக்கூடாது என்று சொல்லி அதில் நிற்கலாம். தண்டனை செயலின் மேல் விழ வேண்டும். உறவின் மேல் விழக்கூடாது. "நீ எங்க புள்ளதான், அதனாலதான் காசு தரமாட்டேன்" என்று சொல்லும் தாய் இரண்டையும் ஒருசேரச் செய்துவிடுகிறாள். பிறப்பைப் பற்றிய உண்மையைப் பெற்றோரே, பிள்ளை சிறியதாக இருக்கும்போதே, பல முறை சொல்லிவைத்திருக்க வேண்டும். குழாயடியில் பிறர் வாயால் கேட்ட உண்மை பெற்றோரைப் பொய்யராக்கும். பொய்யர் என்று தோன்றியவரின் கண்டிப்பு எடுபடாது.

குடும்பம் சிகிச்சையின் எதிரி என்ற எண்ணமும் ஆய்வில் நிற்கவில்லை. அமெரிக்காவில் மில்லர், மையர்ஸ், டோனிகன் ஆகியோர் குடிநோயாளரின் நெருங்கிய உறவினர் 130 பேரிடம் மூன்று வழிகளை ஒப்பிட்டு 1999இல் வெளியிட்டனர். போதையில்லாத நேரத்தை மகிழ்ச்சியாக்கவும், குடியின் விளைவுகளைத் தாங்கிப் பிடிக்காதிருக்கவும், சரியான வேளையில் சிகிச்சைக்கு அழைக்கவும் பயிற்சி பெற்ற உறவினரில் 64 சதவீதத்தினர் தம்மவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தனர். எல்லோரும் கூடி எதிர்கொண்டு நெருக்கும் முறையில் அது 30 சதவீதம்; உறவினர் தம்மை மட்டும் பார்த்துக்கொள்ளும் குழு முறையில் 13. அந்த ஆய்வு வளர்ந்தவர்களின் குடியைப் பற்றியது. ஐஸ் பாவிக்கும் பதினாறு வயதுப் பையனுக்கு எண்கள் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நம் ஊர் மனப்போக்கு நாடும் நெருக்குதல் முறை, பயிற்சி பெற்ற உறவினர் அடைந்ததில் பாதியைக்கூட எட்டவில்லை.

இலங்கையில் சட்டம் இரண்டு முகத்தோடு நிற்கிறது. 1984இல் அமைந்த தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை தொலைபேசியில் ஆலோசனை தருகிறது. கண்டியில் அதன் சிகிச்சை நிலையம் உண்டு. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் தாமாக வருவோருக்கும் நீதிமன்றம் அனுப்புவோருக்கும் சிகிச்சைக்கு வழி வகுத்தது. மறுபக்கம் 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் ஐந்து கிராமும் அதற்கு மேலும் ஐஸ் வைத்திருப்பதை மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றமாக்கியது. 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பெயரில் நாடு தழுவிய பொலிஸ் வேட்டை தொடங்கியது. பதினெட்டுக்குக் கீழானவருக்கு மரண தண்டனை இல்லை என்பதை லயத்தில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அச்சம் வாயை அடைக்கிறது. சிகிச்சைக்குப் போவதிலும் கணக்கு இருக்கிறது. கண்டிக்கு ஒரு நாள் போய் வந்தால் அம்மாவுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். 2024 வர்த்தமானியின்படி அது 1,350 ரூபாயாக இருந்தது; பஸ் காசு வேறு. தமிழில் பேசும் ஆலோசகர் அன்று இருப்பாரா என்று முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவதே புத்திசாலித்தனம்.

1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் நெடுந்தலைப்பிலேயே தத்தெடுப்போடு இன்னொரு நோக்கமும் இருக்கிறது: இயற்கைப் பெற்றோர் அல்லாமல் பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருப்போரைப் பாதுகாவலராகப் பதிவுசெய்தல். தோட்டக் குடும்பங்களுக்காகவே எழுதியது போன்ற இந்த ஏற்பாடு, தோட்டங்களில் பேச்சில்கூட அடிபடுவதில்லை. பிள்ளை மடுவத்தில் (தோட்டக் குழந்தைகள் காப்பகத்தில்) பெயர் எழுதும் நாளிலேயே, யார் வயிற்றில் பிறந்தது, யார் வளர்க்கிறார்கள் என்பதைக் கூச்சமில்லாமல் கேட்டறிய முடியும். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் தோட்ட உத்தியோகத்தரும், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், நன்னடத்தை உத்தியோகத்தரும் ஒன்றாக அமர்ந்து, ஒவ்வொரு டிவிசனிலும் பதினான்கு வயதை எட்டாத வளர்ப்புப் பிள்ளைகளின் பட்டியலை எடுக்கட்டும். விரும்பும் குடும்பங்களுக்குத் தத்துக் கட்டளைக்கான மனுவை அவர்களே எழுதிக் கொடுக்கட்டும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.