தாபோடியிலிருந்து கேளிக்கைப் பூங்காவுக்கு முதல் பயணம்: டிக்கெட்டுக்கு முன் அளக்க வேண்டியது குழந்தையின் உயரம்

புனே: பள்ளி விடுமுறை நெருங்கும்போது மும்பை – புனே வழித்தடத்தில் வசிக்கும் குடும்பங்களில் தவறாமல் எழும் கோரிக்கை, கோபோலி அருகே உள்ள இமேஜிக்கா பூங்காவுக்கு ஒரு நாள் சென்று வர வேண்டும் என்பதாகும். முளா ஆற்றங்கரையில் அமைந்துள்ள தாபோடியிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் அந்தப் பூங்கா உள்ளது. அதிகாலையில் புறப்பட்டால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். தங்கும் விடுதிச் செலவு இல்லை என்பதே முதல் சேமிப்பு. ஆயினும் முதன்முறை செல்லும் குடும்பங்கள் பல, திட்டமிட்ட தொகையைவிடக் கூடுதலாகச் செலவழித்துவிட்டுத் திரும்புகின்றன. நுழைவுக் கட்டணத்தை மட்டும் கணக்கிட்டுவிட்டு மற்றவற்றை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புவதே இதற்குக் காரணம்.

இந்தியாவில் இத்தகைய பூங்காக்களின் வரலாறு நீண்டதன்று. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான யானைக்குட்டியின் பெயரில் டெல்லியில் 1984-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அப்பு கர், நாட்டின் முதல் பெரிய கேளிக்கைப் பூங்காவாகக் கருதப்படுகிறது. அது 2008-இல் மூடப்பட்டது. மும்பை கோராயில் எஸ்ஸெல்வேர்ல்டு 1989-இல் வந்தது. மன்மோகன் ஷெட்டியின் ஆட்லேப்ஸ் நிறுவனம் 2013 ஏப்ரலில் இமேஜிக்காவைத் திறந்தது. அடுத்த ஆண்டு நீர்ப் பூங்காவும், 2016-இல் பனிப் பூங்காவும் அதனுடன் சேர்ந்தன. 2022-இல் நிர்வாகம் மால்பானி குழுமத்தின் கைக்கு மாறியது.

உயரமே முதல் கணக்கு

ரயிலில் குழந்தையின் வயதைக் கேட்பார்கள். பூங்காவில் உயரத்தை அளப்பார்கள். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ரயிலில் கட்டணம் இல்லை. 5 முதல் 12 வயதுக்கு உட்பட்டோருக்கு முன்பதிவற்ற பயணத்தில் அரைக் கட்டணம். இதற்குப் பழகிய பெற்றோர், பூங்காவிலும் அரை டிக்கெட் கிடைக்கும் என நம்பிச் செல்வது இயல்பு. ஆனால் பெரிய பூங்காக்களில் சிறுவர் கட்டணத்துக்கு உயரமே அளவுகோலாக இருப்பது வழக்கம். எடுத்துக்காட்டாக, வொண்டர்லா பூங்காக்களில் 85 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை; 85 முதல் 140 சென்டிமீட்டர் வரை சிறுவர் கட்டணம். அதைத் தாண்டிய 9 வயதுச் சிறுமி அங்கே பெரியவராகவே கருதப்படுவார்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் சவாரிகளின் வாயிலில்தான் எழுகிறது. இமேஜிக்காவின் நைட்ரோ ரோலர் கோஸ்டர் சுமார் 132 அடி உயரம் ஏறி, மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தை எட்டி, 5 முறை தலைகீழாகச் சுழலும். இருக்கையின் தோள்பட்டைக் கம்பி உடலோடு சரியாகப் பொருந்தினால் மட்டுமே அது பாதுகாப்பானது. ஆகவே குறைந்தபட்ச உயரத்தில் எவ்வித விட்டுக்கொடுத்தலும் இல்லை. அழுதாலும் கெஞ்சினாலும் ஊழியர் அனுமதிக்க மாட்டார், அனுமதிக்கவும் கூடாது. விளம்பரக் காணொலியைப் பார்த்து ஆறு மாதம் கனவு கண்ட பிள்ளை, ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு அளவுகோலுக்கு இரண்டு விரற்கடை குறைவு என்று திருப்பி அனுப்பப்படுவது, அந்த நாளின் மீதி நேரத்தையே கெடுத்துவிடும்.

எனவே டிக்கெட் வாங்கும் முன், செருப்பில்லாமல் வீட்டுச் சுவரில் சாய்த்து நிறுத்தி ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பூங்காவின் இணையதளத்தில் ஒவ்வொரு சவாரிக்கும் உரிய உயர வரம்பு வெளியிடப்பட்டிருக்கும். அதைப் பிள்ளைகளுடன் அமர்ந்து படித்து, எவற்றில் ஏறலாம், எவற்றில் ஏற முடியாது என்பதை வீட்டிலேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது. ஏறக்கூடியவை மிகக் குறைவு எனத் தெரிந்தால் பயணத்தை ஓராண்டு தள்ளிவைப்பதே சிறந்த சிக்கனம். வளர்ச்சிக்குக் கட்டணம் இல்லை.

முதியோர் விஷயத்திலும் இதே யோசனை தேவை. இதய நோய், உயர் ரத்த அழுத்தம், முதுகெலும்புப் பாதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேகச் சவாரிகளில் ஏறக் கூடாது. சவாரியில் ஏறாமல் உடன் வருபவருக்கும் பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் உண்டு. மூத்த குடிமக்களுக்குச் சலுகை இருந்தால் வயதுச் சான்று கையில் இருக்க வேண்டும். பாட்டியை வீட்டில் விட்டுச் செல்வதா என்ற கேள்வி எந்தக் குடும்பத்திலும் எளிதானதன்று. இமேஜிக்காவில் ஐ ஃபார் இந்தியா போன்ற உள்ளரங்கக் காட்சிகளும் மாலை ஊர்வலமும் இருப்பதால், வெயிலில் நடப்பதைக் குறைத்துத் திட்டமிட்டால் அவரும் ரசிக்கவே செய்வார்.

எந்தப் பூங்கா?

6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மட்டுமே உள்ள வீடுகளுக்குக் கோபோலி வரை செல்வது அவசியமில்லை. தாபோடி வழியே செல்லும் அதே லோக்கல் ரயிலில் ஆகுர்டியில் இறங்கினால், நிக்டியில் உள்ள அப்பு கர் பூங்காவுக்குச் சென்று வரலாம். டெல்லியில் மறைந்த பெயர் இங்கே இன்னும் உயிர்வாழ்கிறது. சிறிய பூங்காதான், ஆனால் ராட்டினத்தில் பிள்ளைக்கு அச்சமா, மகிழ்ச்சியா, தலைசுற்றல் வருகிறதா என்பதைக் குறைந்த செலவில் அறிந்துகொள்ள இதைவிட ஏற்ற ஒத்திகை இல்லை. தண்ணீரில் ஆடுவதே நோக்கம் என்றால் லோனாவாலா அருகே வெட் அண்ட் ஜாய் நீர்ப் பூங்கா உள்ளது. அங்கு செல்ல மலைப்பாதையில் இறங்க வேண்டியதில்லை.

இமேஜிக்காவில் கேளிக்கைப் பூங்காவுக்கும் நீர்ப் பூங்காவுக்கும் தனித்தனிக் கட்டணம். இரண்டையும் சேர்த்து வாங்கினால் சலுகை என்ற அறிவிப்பு கவர்ச்சியாகத் தோன்றலாம். எனினும் முதன்முறை செல்வோருக்கு ஒரே நாளில் இரண்டையும் பார்த்து முடிக்க நேரம் போதாது. ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே உசிதம்.

ஆண்டு விடுமுறைக்குத் தமிழகம் செல்லும் குடும்பங்களுக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. சென்னை அருகே திருப்போரூர் வட்டாரத்தில் வொண்டர்லா 2025 டிசம்பரில் திறக்கப்பட்டுள்ளது. ஊருக்குச் செல்லும் பயணத்திலேயே அதைச் சேர்த்துக்கொண்டால் தனியாக ஒரு போக்குவரத்துச் செலவு மிச்சமாகும்.

தேதியும் வரியும்

ஒரே பூங்கா, ஒரே சவாரி. கட்டணம் மட்டும் கிழமைக்கு ஏற்ப மாறுகிறது. வார நாள்களில் குறைவு, சனி, ஞாயிறு மற்றும் பண்டிகை விடுமுறைகளில் அதிகம். வார நாளின் உண்மையான ஆதாயம் வரிசையின் நீளத்தில் உள்ளது. ஞாயிற்றுக்கிழமை நீண்ட வரிசையைத் தவிர்க்க விரைவு அனுமதிச் சீட்டுக்குக் கூடுதல் தொகை செலுத்துவோர் உண்டு. செவ்வாய், புதன்கிழமைகளில் அச்சீட்டு பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு நாள் விடுப்பு எடுப்பதால் ஊதியம் பிடிக்கப்படும் பணியாளர், இந்த இரு தொகைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம்.

ஜிஎஸ்டி அறிமுகமான 2017 ஜூலையில் கேளிக்கைப் பூங்காக் கட்டணத்துக்கு 28 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. 2018 ஜனவரியில் அது 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இணையத்தில் முதலில் தெரியும் தொகையில் இந்த வரி அடங்கியுள்ளதா என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவருக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நால்வருக்கு 6,000 ரூபாய். வரி சேர்ந்தால் 7,080 ரூபாய். அந்த 1,080 ரூபாய் நால்வரின் மதிய உணவுச் செலவைப் பெருமளவு ஈடுகட்டக்கூடிய தொகையாகும்.

டிக்கெட்டைப் பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலோ நன்கறிந்த பதிவுத் தளங்களிலோ மட்டுமே வாங்க வேண்டும். பாதி விலைக்குத் தருவதாக வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகளை நம்பக் கூடாது. பணத்தை இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தேதி மாற்றம், ரத்து ஆகியவற்றுக்கான விதிகளை வாங்கும் முன்பே படிப்பதும் அவசியம். குழந்தைக்குக் காய்ச்சல் வருவது சொல்லிவிட்டு நிகழ்வதில்லை.

சக்யாத்ரி மலையின் அடிவாரத்தில் உள்ள கோபோலியின் தட்பவெப்பம் புனேயிலிருந்து முற்றிலும் மாறுபட்டது. புனே பீடபூமியில் உள்ள நகரம். மலைப்பாதையில் இறங்கியதும் கொங்கண் பகுதியின் புழுக்கம் தொடங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் நண்பகல் வெயில் கடுமையாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கனமழை. இடி, மின்னலின்போது வெளிப்புறச் சவாரிகள் நிறுத்தப்படலாம். அதற்காகப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. பள்ளி நாள்காட்டி இடம் கொடுத்தால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான வார நாள்களே ஏற்றவை.

போக்குவரத்து

நால்வர் குடும்பத்துக்கு டிக்கெட்டுக்கு அடுத்த பெரிய செலவு இதுவே. வாடகைக் கார் வசதியானது. ஆனால் அதிவிரைவுச் சாலையில் போகவும் வரவும் சுங்கக் கட்டணம் உண்டு, ஓட்டுநரின் காத்திருப்புக் கட்டணமும் சேரும். வாடகை பேசும்போதே இவை அடங்குமா எனக் கேட்டுக்கொள்ள வேண்டும். சொந்தக் காரில் செல்வோர் ஃபாஸ்டேக் கணக்கில் போதிய இருப்பு உள்ளதா எனப் பார்ப்பது நல்லது. இருசக்கர வாகனங்களுக்கு அதிவிரைவுச் சாலையில் அனுமதி இல்லை. பழைய நெடுஞ்சாலை வழியாகக் குழந்தைகளை முன்னும் பின்னும் அமர்த்திக்கொண்டு மலைப்பாதையில் இறங்குவது, மிச்சமாகும் தொகைக்கு ஈடான அபாயமன்று.

மிகக் குறைந்த செலவுக்கு வழி, தாபோடியில் நிற்கும் புனே – லோனாவாலா லோக்கல் ரயில்தான். காலை ரயிலில் லோனாவாலா சென்று, அங்கிருந்து பேருந்திலோ வாடகை வாகனத்திலோ கோபோலிக்கு இறங்கி, பாலி செல்லும் சாலையில் பூங்காவை அடையலாம். மகாராஷ்டிர அரசுப் பேருந்துகளில் 2023 மார்ச் முதல் பெண்களுக்கு அரைக் கட்டணம். 75 வயது நிறைந்தவர்களுக்கு இலவசம். புனேயிலிருந்து பாலிக்குச் செல்லும் அரசுப் பேருந்து கிடைத்தால் இடையில் வாகனம் மாறும் தொல்லை குறையும். புறப்படும் நேரத்தை முன்னதாகவே பேருந்து நிலையத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். கர்ஜத் சென்று கோபோலி ரயிலுக்கு மாறும் வழியும் உள்ளது. கைக்குழந்தையுடன் செல்வோருக்கு அது சுற்றுவழி.

பாலியில் பல்லாளேஸ்வரர், கோபோலி அருகே மகாடில் வரத விநாயகர் என அஷ்ட விநாயகர் தலங்கள் இரண்டு இவ்வட்டாரத்தில் உள்ளன. போகும் வழியில் தரிசனத்தையும் முடித்துவிடலாம் என்ற எண்ணம் பல வீடுகளில் எழும். காலையில் கோயிலுக்குச் சென்றால், பூங்காவில் வரிசைகள் குறைவாக உள்ள முதல் இரண்டு மணி நேரம் கைநழுவிப் போகும். கோயிலுக்கென வேறொரு நாள் ஒதுக்குவதே முறை.

உணவும் உடையும்

புளிசோறும் தயிர்சோறும் கட்டிக்கொண்டு போகும் வழக்கம் பூங்காவின் வாயிலோடு நின்றுவிடும். குழந்தை உணவு, மருந்து தவிர வெளியுணவை உள்ளே அனுமதிப்பதில்லை என்பது பெரிய பூங்காக்களின் பொது விதி. கட்டிய சோற்றை வழியிலேயே காலை உணவாக உண்டுவிட்டு, உள்ளே ஒரே ஒரு வேளை மட்டும் வாங்கி உண்பது செலவைக் கட்டுக்குள் வைக்கும். உணவுடன் இணைந்த டிக்கெட்டுகளின் விலையையும் ஒப்பிடலாம். உணவகங்களில் கூட்டம் சேர்வது பிற்பகல் ஒரு மணிக்கு. பன்னிரண்டுக்கு முன்பே உண்டு முடிப்பவர்கள், மற்றவர்கள் உண்ணும் நேரத்தில் சவாரி வரிசைகளைச் சுலபமாகக் கடப்பார்கள்.

நீர்ப் பூங்காவில் சேலை, சுடிதார், பருத்திச் சட்டை, ஜீன்ஸ் ஆகியவற்றுடன் சறுக்கில் ஏற அனுமதி இல்லை. நைலான் போன்ற செயற்கை இழை நீச்சலுடை கட்டாயம். இது தெரியாமல் சென்றால், நால்வருக்கும் அங்கேயே வாடகைக்கு எடுக்கவோ கூடிய விலைக்கு வாங்கவோ நேரிடும். பொருள் பாதுகாப்புப் பெட்டகத்துக்கும் தனிக் கட்டணம், முன்வைப்புத் தொகை உண்டு. ரசீதைத் தொலைக்காமல் வைத்திருந்தால்தான் முன்வைப்புத் தொகை திரும்பக் கிடைக்கும்.

திரும்பும் நேரம்

நைட்ரோ போன்ற பெரிய சவாரிகளைக் கதவு திறந்தவுடன் முடித்துவிட்டு, வெயில் ஏறும்போது உள்ளரங்கக் காட்சிகளுக்குச் செல்வது அனுபவசாலிகளின் முறை. மாலை ஊர்வலம் முடிந்ததும் வாயிலில் ஒரே நேரத்தில் கூட்டம் திரளும். வாகனம் கிடைப்பது கடினம். ஞாயிற்றுக்கிழமை மாலை மலைப்பாதை நெரிசலில் எவ்வளவு நேரம் நிற்க நேரும் என்று கணிக்க முடியாது. ஆகவே லோனாவாலாவிலிருந்து தாபோடிக்கு இரவில் வரும் லோக்கல் ரயில்களின் நேரத்தை அன்று காலையிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். தொலைதூர விரைவு ரயில்கள் தாபோடியில் நிற்பதில்லை. லோக்கலைத் தவறவிட்டவர்கள் விரைவு ரயிலில் சிவாஜிநகர் அல்லது புனே வரை சென்று, அங்கிருந்து திரும்பி வர வேண்டும். சிவாஜிநகரையும் தாபோடியையும் இணைக்கும் மெட்ரோ 2023 ஆகஸ்ட் முதல் இயங்குகிறது. அதன் கடைசி ரயிலும் போயிருந்தால், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்குப் பேரம் பேச வேண்டியிருக்கும். அதற்கென 300 ரூபாயைக் காலையிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவது நல்லது.