நெய்யாற்றின்கரையும் மார்க்சியச் சிந்தனையின் வேர்களும்

முன்னுரை

மார்க்சியத் தத்துவத்தின் தோற்றத்தை ஆராய்வோர் ஐரோப்பியச் சிந்தனை மரபிலிருந்தே தொடங்குவர். அது தென்னகத்தில் எவ்வடிவில் அறிமுகமாயிற்று என்பதும் ஆய்வுக்குரியது. காரக்கோணம் முதலிய எல்லையோரச் சிற்றூர்களைக் கொண்ட நெய்யாற்றின்கரை வட்டம் இவ்வகையில் கருதத்தக்கது.

மூன்று ஊற்றுகள்

கார்ல் மார்க்சு (1818–1883) கிரேக்க அறிஞர் டெமாக்கிரிட்டசு, எபிக்கூரசு ஆகியோரின் இயற்கைத் தத்துவங்களை ஒப்பிட்டு ஆய்ந்து 1841இல் முனைவர் பட்டம் பெற்றார். ஹெகலின் இயங்கியல் முறையையும் ஃபாயர்பாக்கின் பொருள்முதல் நோக்கையும் திறனாய்ந்து ஏற்றார். ஆடம் ஸ்மித், ரிக்கார்டோ ஆகியோரின் உழைப்பு மதிப்புக் கொள்கையை வளர்த்து உபரி மதிப்புக் கோட்பாட்டை நிறுவினார். செயின்ட் சைமன், ஃபூரியே ஆகியோரின் பிரெஞ்சுச் சமதர்மமும் அவரைப் பாதித்தது. இம்மூன்றையும் மார்க்சியத்தின் ஊற்றுகளென லெனின் 1913இல் வகுத்துரைத்தார்.

இராமகிருஷ்ண பிள்ளையின் நூல்

லெனினின் கட்டுரைக்கு ஓராண்டு முன்னரே, 1912இல், மார்க்சின் வாழ்க்கை வரலாறு மலையாளத்தில் வெளிவந்தது. இந்திய மொழிகளில் எழுந்த முதல் மார்க்சு வரலாறாக அது பொதுவாகக் கருதப்படுகிறது. அதன் ஆசிரியர் 1878இல் நெய்யாற்றின்கரையில் பிறந்த சுவதேசாபிமானி இராமகிருஷ்ண பிள்ளை. திவான் இராஜகோபாலாச்சாரியின் ஆட்சியைக் கண்டித்தமையால் 26.9.1910 அன்று நாடு கடத்தப்பட்டார். வக்கம் அப்துல் காதர் மௌலவிக்கு உரிய அச்சகமும் பறிமுதலாயிற்று.

மார்க்சு ஆசிரியராயிருந்த ரைன் நாட்டு இதழும் 1843இல் பிரஷ்ய அரசால் ஒடுக்கப்பட்டது. பின்னர்ப் பாரிசு, பிரசெல்சு, கொலோன் நகரங்களிலிருந்து வெளியேற்றப்பட்டு, 1849இல் அவர் இலண்டன் சேர்ந்தார். இதழும் நாடும் இழந்த ஒருவர், அவ்வாறே இழந்த மற்றொருவரின் வரலாற்றை எழுதியமை கருதற்பாலது. அதே ஆண்டில் ஹர்தயால் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையும் மார்க்சை ‘நவீன ரிஷி’ எனத் தலைப்பிலேயே சுட்டியது. ஆகவே இங்கு ஹெகலுக்கும் ரிக்கார்டோவுக்கும் முன்னர் வந்தது ஒரு மனிதரின் வாழ்வே எனலாம்.

முடிவுரை

தமிழில் இவ்வரலாற்றை, 1923இல் சென்னையில் மே நாள் கொண்டாடிய சிங்காரவேலரிடமிருந்து தொடங்குவது மரபு. பிற்காலத்தே தமிழகப் பொதுவுடைமை இயக்கத் தலைவரான ஜீவா, 1907இல் திருவிதாங்கூரின் பூதப்பாண்டியில் பிறந்தார். 1956இல் வகுக்கப்பட்ட எல்லையால் பூதப்பாண்டி தமிழகத்திலும் நெய்யாற்றின்கரை கேரளத்திலும் அமைந்தன. அதற்கு முன்பு இரண்டும் ஒரே நாட்டின் ஊர்கள். 1916இல் கண்ணூரில் மறைந்த பிள்ளையின் நூலையும் சேர்த்து நோக்கினாலன்றித் தென்னக மார்க்சியத்தின் தொடக்க வரலாறு முழுமை பெறாது.