சக்கரவர்த்தி வீட்டுக் கிலுகிலுப்பை

கதையில் வருகிறவன் ஏழை என்று காட்ட எங்களைப் போன்றவர்களுக்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. அவன் கையில் நெளிந்துபோன அலுமினியத் தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும். மேற்கொண்டு ஒரு பக்கம் வர்ணிக்க வேண்டியதில்லை. பிச்சைக்காரன், சிறைக் கைதி, தர்மாஸ்பத்திரி வராந்தாவில் கிடக்கும் கிழவி, எல்லோருக்கும் அதே தட்டுத்தான். நானும் பலருக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தட்டின் பூர்வ சரித்திரத்தைப் படித்தபோதுதான், என் கதைகளில் வந்த எந்தப் பாத்திரத்தையும்விட இந்தப் பாத்திரத்துக்கு விசித்திரமான வாழ்க்கை என்று தோன்றியது.

1856-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பட்டத்துக்குரிய அந்தக் குழந்தை ஆட்டி விளையாடச் செய்த கிலுகிலுப்பை அலுமினியத்தால் ஆனது. அரண்மனை விருந்தில் மிகப் பெரிய மனிதர்களுக்கு அலுமினியக் கரண்டியும், அவர்களுக்கு அடுத்த படியில் இருந்தவர்களுக்குத் தங்கக் கரண்டியும் வைத்தார்கள் என்று ஒரு கதைகூடச் சொல்வார்கள். நிஜமோ, கட்டியதோ, அந்தக் காலத்து நிலவரத்துக்குப் பொருத்தமான கதைதான்.

இத்தனைக்கும் அது அபூர்வமான பொருளா என்றால், இல்லை. பூமியின் மேலோட்டில் எடைக்கு எடை சுமார் நூற்றுக்கு 8 பங்கு அலுமினியம். இரும்புகூட அவ்வளவு கிடையாது. குயவர் பிசைகிற களிமண்ணில் அது இருக்கிறது, செங்கல்லில் இருக்கிறது. சவரக் கடையில் கன்னத்தில் தேய்க்கிறார்களே, அந்தப் படிகாரத்தில் இருக்கிறது. படிகாரத்துக்குரிய லத்தீன் பெயரிலிருந்துதான் இந்த உலோகத்துக்கே பெயர் வந்தது. அப்படியிருந்தும் 1825 வரையில் மனிதன் கண்ணில் அது படவில்லை. காரணம், பிராணவாயுவோடு அதற்கு இருக்கிற பந்தம். இரும்புக் கல்லைக் கரியோடு சேர்த்துக் காய்ச்சினால் இரும்பு பிரிந்துவிடும். அலுமினியம் அந்த மிரட்டலுக்கு அஞ்சாது.

1825-இல் டென்மார்க்கில் எர்ஸ்டெட் என்பவர் முதன்முதலில் சிறு துணுக்கு ஒன்றைப் பிரித்தார். ஜெர்மானியரான வோலர் அதைத் தொடர்ந்தார். 1854-இல் பிரெஞ்சு ரசாயன அறிஞர் தெவீல், சோடியத்தைக் கொண்டு கொஞ்சம் தாராளமாகவே பிரித்தெடுக்க வழி கண்டார். சக்கரவர்த்தி அவருக்குப் பொருளுதவி செய்தது கிலுகிலுப்பைக்காக மட்டும் அல்ல. பட்டாளத்துக்கு எடை குறைந்த கவசங்கள் செய்யலாம் என்ற ஆசையும் இருந்தது. ஆனால் சோடியத்துக்கே விலை அதிகம். கவசக் கனவு கனவாகவே போயிற்று.

1884-இல் அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணைக் கட்டி முடித்தார்கள். 555 அடி உயரமுள்ள அந்தத் தூணின் உச்சிக்கு 100 அவுன்ஸ் அலுமினியத்தால் கூர்முனை வார்த்தார்கள். ஓர் அவுன்ஸின் விலை ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளத்துக்குக் குறையாது. அதை மேலே ஏற்றுமுன் நியூயார்க்கில் டிஃபனி நகைக்கடையில் காட்சிக்கு வைத்தார்கள். வந்தவர்கள் அதைத் தாண்டிக் குதித்து, “வாஷிங்டன் தூணின் உச்சியையே தாண்டினேன்” என்று பெருமை பேசிக்கொண்டார்களாம். மனிதர்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அந்தத் தூணின் உச்சியில் இருந்த அலுமினியத்தின் மவுசு இரண்டே ஆண்டுகளில் ஆட்டம் கண்டது. ஒஹாயோ மாகாணத்தில் ஓபர்லின் என்ற சிறு ஊர். சார்லஸ் ஹால் என்ற 22 வயது இளைஞர், வீட்டை ஒட்டிய விறகுக் கொட்டகையில் அடுப்பும் தாமே செய்த மின்கலங்களுமாக உட்கார்ந்திருந்தார். அலுமினா என்ற வெள்ளைப் பொடியை உருக்க வேண்டுமானால் 2,000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கொட்டகை அடுப்பு எங்கே போகும்? கிரீன்லாந்திலிருந்து வந்த கிரையோலைட் என்ற கல் 1,000 டிகிரி அளவிலேயே உருகிவிடும். அந்தக் குழம்பில் அலுமினா, வெந்நீரில் சர்க்கரை கரைவதுபோலக் கரைந்தது. அதற்குள் மின்சாரத்தைச் செலுத்தினார். முதலில் ஒன்றும் வரவில்லை. மண் மூசையே கரைந்து காரியத்தைக் கெடுத்தது. மூசைக்குள் கரிப் பூச்சுக் கொடுத்துப் பார்த்தார். 1886 பிப்ரவரி 23-ஆம் தேதி, அடியில் வெள்ளி மாதிரிச் சில குண்டுமணிகள் கிடந்தன.

அதே ஆண்டு ஏப்ரலில் பிரான்ஸில் பால் எரூல் என்பவர் இதே முறைக்குக் காப்புரிமை கேட்டார். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். இருவரும் 1863-இல் பிறந்தார்கள். இருவரும் 1914-இல் இறந்தார்கள். கதையில் இப்படி எழுதினால் பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார்.

ஹாலின் அக்காள் ஜூலியா அதே கல்லூரியில் ரசாயனம் படித்தவள். தம்பியின் சோதனைகளைக் கூட இருந்து பார்த்தவள். அவள் எவ்வளவு தூரம் உதவினாள் என்பது பற்றி அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் காப்புரிமைத் தகராறு வந்தபோது, பிப்ரவரி மாதத்திலேயே காரியம் முடிந்துவிட்டது என்று நிரூபிக்க அவளுடைய சாட்சியமும், தேதியிட்ட குடும்பக் கடிதங்களும்தான் துணை நின்றன. முறைக்கு ஹால்–எரூல் முறை என்று பெயர். ஜூலியாவின் பெயர் அதில் இல்லை.

1888-இல் ஒரு பவுண்டு 4 டாலர் 86 சென்ட்; 1893-இல் 78 சென்ட். பத்து வருஷத்துக்குள் நகைக்கடையிலிருந்து பாத்திரக் கடைக்கு வந்துவிட்டது. பாத்திரக் கடை என்றதும் சென்னைக்கு வர வேண்டும். 1898-இல் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியியல் பேராசிரியர், சென்னைக் கலைத் தொழிற்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கி வைத்தார். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வேண்டும். பூச்சுப் போனால் களிம்பு ஏறும். அலுமினியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. காற்றுப் பட்டதுமே தன்மேல் மெல்லிய தோல் ஒன்றைப் போர்த்திக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளும். புளி மட்டும் அந்தத் தோலை அரித்துவிடும். சில வருஷங்களில் அந்தத் தொழில் ஒரு கம்பெனியின் கைக்குப் போய்ப் பெருகியது.

தகடு அப்போது சீமையிலிருந்து வந்தது. இந்தியாவில் உலோகத்தையே பிரித்தெடுத்தது 1943-இல், கேரளத்தில் ஆலுவாயில். 1965-இல் மேட்டூரில் ஒரு தொழிற்சாலை வந்தது. ஏற்காட்டு மலையில் பாக்ஸைட் மண்ணை வெட்டி அங்கே கொண்டுபோனார்கள். 2008-இல் அந்த உலை நின்றது. மலையில் வெட்டிய காயம் மட்டும் மிச்சம்.

விலை இறங்கியது சரி. அதோடு மரியாதையும் ஏன் இறங்க வேண்டும்? உலோகம் ஓர் அணுவளவும் மாறவில்லை. அதே வெண்மை, அதே லேசு. ஏழையின் கைக்கு எட்டியது என்பது ஒன்றே அது செய்த குற்றம். வேலைக்காரிக்கு என்று சமையலறை மூலையில் தனியாக ஒரு அலுமினியத் தட்டு வைத்த வீடுகள் எத்தனை! சில கிராமத்து டீக்கடைகளில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று தனியாக அலுமினியக் குவளை வைத்தார்கள். தீண்டாமையைக் குற்றமாக்கி 1955-இல் சட்டம் வந்த பிறகும் வைத்தார்கள். பாரிஸில் விருந்தாளியின் தகுதியை உயர்த்திக் காட்டியது எதுவோ, அதுவே இங்கே குடிக்கிறவனைத் தள்ளி வைக்க உபயோகப்பட்டது. அந்தக் குவளையைப் பற்றிப் படித்த பிறகு, என் கதை மாந்தர் கையில் அந்தத் தட்டைக் கொடுக்கும்போது பேனா சற்று நிற்கிறது.

தெருவில் மட்டும் அதற்கு மதிப்புக் குறையவில்லை. “பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!” என்று கூவிக்கொண்டு வருவார்களே, அந்த ஈயத்தில் பெரும்பகுதி அலுமினியம்தான், நம் ஜனங்கள் அதற்கு ஈயம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மண்ணிலிருந்து ஒரு கிலோ எடுக்க உலையில் மட்டும் 13 முதல் 15 யூனிட் மின்சாரம் செலவாகிறது. ஓட்டைப் பானையை உருக்க 660 டிகிரி சூடு போதும்; புதிதாக எடுக்க ஆகும் சக்தியில் நூற்றுக்கு 5 பங்குதான் செலவு. எத்தனை தடவை உருக்கினாலும் உலோகம் உலோகமாகவே இருக்கும்.

பேரீச்சம்பழம் போய் இப்போது ரொக்கம் வந்திருக்கிறது. பழைய சாமான் வியாபாரி ஒருவர் வேலை செய்வதைப் பாருங்கள். பானையைத் தராசில் வைக்குமுன், கைப்பிடியில் இருக்கும் இரும்பு ஆணிகளைச் சுத்தியலால் தட்டிக் கழற்றி ஒரு பக்கமாக எறிந்துவிடுவார். அலுமினியத்தின் விலையை இரும்புக்குக் கொடுக்க அவர் தயாராக இல்லை.