தொப்புள் ஊசியும் பல் நாற்காலியும்

நீலகிரியில் இரண்டு பயங்கள் தலைமுறை தாண்டியும் சாகாமல் இருக்கின்றன. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பது ஒன்று. பல் மருத்துவரின் நாற்காலி மற்றொன்று. முதல் பயத்துக்கு ஒரு முகவரி உண்டு: குன்னூரில் சிம்ஸ் பூங்காவை ஒட்டியிருக்கும் பாஸ்டர் நிலையம். இரண்டாவதற்கு அப்படி ஒரே முகவரி கிடையாது. கடைவீதி மாடிப்படி ஏறினால் போதும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நாற்காலியில் நடுங்கும் நோயாளியை அமைதிப்படுத்துவது குறித்து, பல் மருத்துவத்துக்குள்ளேயே நின்று பார்ப்பவருக்குத் தென்படாத சில சங்கதிகள் தென்படுகின்றன.

இரண்டு பயங்களுமே பொய்யில் பிறந்தவை அல்ல. 1902-இல் லில்லி பேக்கனம் வால்ஷ் என்ற பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். அந்த மரணத்தைத் தொடர்ந்து, அமெரிக்கக் கொடையாளர் ஹென்றி பிப்ஸ் கொடுத்த ஒரு லட்ச ரூபாயின் துணையோடு 1907-இல் குன்னூர் நிலையம் எழுந்தது. பிற்காலத்தில் நாடெங்கும் போடப்பட்ட தடுப்பூசி ஆட்டு மூளையிலிருந்து எடுக்கப்பட்டது. அளவு அதிகம் என்பதால் கையில் இடம் போதாது, வயிற்றில்தான் போட வேண்டும். நாள் தவறாமல் போட வேண்டும். அரிதாகச் சிலருக்கு நரம்புப் பாதிப்பும் கைகால் செயலிழப்பும்கூட வந்தன. பல் பக்கமும் கதை இப்படித்தான். 1884-இல் கொக்கெய்ன் மரத்துப்போகச் செய்யும் என்று தெரிந்தாலும், நம்பகமான லிடோகெய்ன் வந்தது 1940-களில்தான். அதுவரை பலருக்குப் பல் பிடுங்குவது என்றால் ஆளைப் பிடித்து அமுக்கிக்கொண்டு பிடுங்குவதுதான். தாத்தா சொன்ன கதையில் மிகை இருக்கலாம், கற்பனை இல்லை.

ஆட்டு மூளைத் தடுப்பூசித் தயாரிப்பை இந்தியா 2004 இறுதியில் நிறுத்திவிட்டது. இப்போது ஊசி கையில்தான், கொசுக்கடிக்குச் சற்று மேல். பல்லிலும் வலி குறைந்தது, ஆனால் ஒரு வினோதத்தோடு. 1957-இல் வந்த காற்றுச்சுழலி துளைப்பான், அதாவது நம் மருத்துவர்கள் ‘ஏரோட்டர்’ என்னும் கருவி, பழைய துளைப்பானின் அதிர்வையும் நேரத்தையும் வெகுவாகக் குறைத்தது. பதிலுக்கு ‘கீ’ என்ற அந்தக் கூச்சலைக் கொண்டுவந்தது. வலியைத் தணிக்க வந்த கருவியே காத்திருப்போர் பெஞ்சு வரை பயத்தைக் கொண்டுசேர்க்கிறது. தடுப்பூசியின் முன்னேற்றம் இப்படி எதையும் புதிதாகக் கொண்டுவரவில்லை.

இரண்டு பயங்களுக்கும் உள்ள எதிர்பாராத உறவு வேறிடத்தில் இருக்கிறது. கதை காவல் காப்பது தவறான வாசலை. நாய்க்கடியில் இன்று உண்மையாக வலிப்பது தொப்புளும் அல்ல, கை ஊசியும் அல்ல. ஆழமான கடிக்கு, காயத்துக்குள்ளேயும் அதைச் சுற்றியும் செலுத்தும் எதிர்ப்பொருள் மருந்தான இம்யூனோகுளோபுலின். விரல் நுனியில் கடி என்றால் கேட்கவே வேண்டாம். அதைப் பற்றி யாரும் எச்சரித்து அனுப்புவதில்லை. பல்லிலும் ஊரார் பயமுறுத்துவது ‘ரூட் கெனால்’ என்ற பெயரை. சீழ் வைத்த பல்லில் மருந்து சரியாகப் பிடிக்காத நாட்கள் உண்டுதான். மற்றபடி அது வலியைவிட அலுப்பு. சுருக்கென்று தைப்பது மேல் அண்ணத்தில் போடும் ஊசி. அங்கே தோல் எலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் மருந்துக்கு விரிய இடமில்லை.

ஆகவே “ஒன்றுமே தெரியாது, பயப்படாதீங்க” என்ற பொதுவான ஆறுதல் இரண்டு இடத்திலும் தோற்கும் என்பது என் கணிப்பு. பயப்பட்ட இடத்தில் வலிக்காமல், நம்பிய இடத்தில் வலித்தால், நோயாளி அடுத்த முறை எதையும் நம்பமாட்டார். நல்ல மருத்துவர் செய்வது வேறு. உதட்டை விலக்கி, ஈறைத் துடைத்து, பஞ்சில் மரப்பு ஜெல்லைத் தொட்டு வைத்துவிட்டு ஓரிரு நிமிடம் சும்மா காத்திருக்கிறார். பிறகு, “இப்ப சுருக்குனு இருக்கும்மா, பத்து எண்ணுறதுக்குள்ள போயிடும்” என்று சொல்லிவிட்டு, அந்த 1.8 மில்லி மருந்தை அவசரமின்றி, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் இறக்குகிறார். சின்ன வலியை முன்கூட்டி ஒப்புக்கொண்டவர் பெரிய வலி இல்லை என்று சொன்னால் நம்பத் தோன்றுகிறது. 1959-இல் அடல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் குழந்தைகளுக்காக வகுத்த ‘சொல், காட்டு, செய்’ முறையும் முன்கூட்டியே சொல்வது என்ற இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. பல் பயத்தை அளக்க 1969-இல் கோரா என்ற ஆய்வாளர் எழுதிய கேள்விகளில் ஊசியைப் பற்றி ஒன்றுகூட இல்லை. 1995-இல் திருத்தியபோதுதான் சேர்த்தார்கள். அளப்பவர்களுக்கே சரியான வாசலைக் கண்டுபிடிக்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று!

வேற்றுமைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது குரல். தடுப்பூசி போடும்போது ‘ஐயோ’ என்று கத்தலாம், கையை இழுத்துக்கொள்ளலாம், நர்ஸைத் திட்டக்கூடச் செய்யலாம். பல் நாற்காலியில் மல்லாந்த நிலையில், வாய் நிறையக் கருவி, கண்ணுக்கு நேரே விளக்கு, கத்த வாயில்லை. பயத்தில் பாதி, வலி வந்தால் சொல்ல முடியாதே என்ற பயம். இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்துவேன் என்ற ஒப்பந்தம் இதனால்தான் காசில்லாத மருந்தாகிறது. ஒரு நிபந்தனை: முதல் முறை தூக்கும்போது உண்மையாகவே நிறுத்த வேண்டும். பலர் சோதித்துப் பார்க்கவே தூக்குவார்கள்.

வாசனையிலும் நாற்காலி தனி. கிளினிக்கின் அந்த வாடை பெரும்பாலும் யூஜினால், கிராம்பின் சத்து. குன்னூருக்குக் கீழே பர்லியாரில் கிராம்பு மரங்கள் இருக்கின்றன. தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் நள்ளிரவுப் பல்வலிக்கு முதல் கை வைத்தியமும் கிராம்புதான். ஒரே மணம் வீட்டில் ஆறுதல், கிளினிக்கில் கலக்கம். 1990-களின் இறுதியில் பிரான்சில் நடந்த ஆய்வுகளில், பல் மருத்துவருக்குப் பயந்தவர்களின் உடல் யூஜினால் மணத்துக்கு அச்சத்தையே காட்டியது. பயமற்றவர்களுக்கு அது வெறும் நறுமணம்.

கடைசியாக, வருகைக் கணக்கு. நாய்க்கடி பயம் தணிந்த வழி, வருகைகளைக் குறைத்தது: பதினான்கு ஐந்தானது, அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் நான்கே. போதாததற்கு, மரண பயம் என்ற பெரிய பயம் ஊசி பயத்தைத் துரத்திவிடும். தேதி போட்ட அட்டையும் கையில் இருக்கும். பல் பயம் தணியும் வழி நேர் எதிர்: ஒரு நாள் சும்மா வந்து உட்கார்ந்து பார்ப்பது, ஒரு நாள் சுத்தம் செய்வது, பிறகுதான் ஊசி. அமைதிக்கு விலை கூடுதல் வருகை. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி, போக வரப் பஸ். அவர் கடைசி நாள்வரை கிராம்பை வைத்துத் தள்ளிப்போட்டு, கன்னம் வீங்கிய பிறகு ஒரே நாளில் பிடுங்கச் சொல்வதைப் பயம் என்று மட்டும் எழுதிவிட முடியாது. அந்தச் ‘சும்மா வந்து உட்காரும்’ நாளை எஸ்டேட் மருத்துவமனைக்கே, வேலை முடிந்த மாலைக்குக் கொண்டுபோனால் கூலியும் போகாது. அதற்கு நாற்காலிகூட வேண்டியதில்லை, ஒரு கண்ணாடியும் கைவிளக்கும் போதும்.