கட்டப்பட்ட கைகள், கையெழுத்திட்ட சான்று

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குப் பள்ளிச் சுற்றுலா போகாத பிள்ளை எங்கள் பக்கத்தில் இல்லை. கட்டபொம்மன் பேசிய வீரத்தையெல்லாம் சொல்லித் தந்தார்கள். 1799 அக்டோபரில் கயத்தாறில் நடந்த விசாரணைக்கு மட்டும் ஒரு வரிதான். (கவர்னகிரி சுந்தரலிங்கத்துக்கு அந்த ஒரு வரியும் இல்லை, அது வேறு கதை.) குற்றம் சாட்டியவர் மேஜர் பானர்மேன். விசாரித்ததும் தீர்ப்புச் சொன்னதும் தூக்கிலேற்றியதும் அவரேதான். எதிர்த்தரப்புக்காகப் பேச வக்கீல் என்று ஒருவரும் கிடையாது.

2020 ஏப்ரலில் ஆந்திராவின் நர்சிப்பட்டினம் அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணராக இருந்த தலித் மருத்துவர் சுதாகர் ராவ், கொரோனா வார்டுக்குப் போதிய முகக்கவசம் தருவதில்லை, ஒன்றையே 15 நாள் போடச் சொல்கிறார்கள் என்று வெளிப்படையாகப் பேசினார். சில நாளிலேயே பணியிடை நீக்கம். மே 16 அன்று விசாகப்பட்டினம் நெடுஞ்சாலையில், மேல்சட்டை இல்லாமல் கைகளைப் பின்னால் கட்டி அவரைப் போலீஸ் இழுத்துப்போனதை நாடே காணொளியில் பார்த்தது. குடித்துவிட்டு ரகளை செய்தார் என்றது போலீஸ். அங்கிருந்து மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உயர்நீதிமன்றம் அனுப்பிய நீதித்துறை அதிகாரி அவர் உடம்பில் ஆறு காயங்களைப் பதிவு செய்தார். அரசு தாக்கல் செய்த மருத்துவ அறிக்கையிலோ ஒரே காயம். அந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் மே 22 அன்று நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. அவருடைய தாயார் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகே ஜூனில் வெளியே வந்தார். 2021 மே மாதம் மாரடைப்பில் இறந்தார்.

மருத்துவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லையா? இருக்கிறது. லூதியானா மருத்துவமனையில் மூச்சுத் திணறிய நோயாளிக்கு வைத்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்த ஜேக்கப் மேத்யூ வழக்கில், 2005 ஆகஸ்ட் 5 அன்று உச்ச நீதிமன்றம் வரையறை வகுத்தது. சிகிச்சையில் தவறு என்று மருத்துவர்மீது குற்ற நடவடிக்கை எடுக்கும்முன், அந்தத் துறை தெரிந்த வேறொரு மருத்துவரின் சார்பற்ற கருத்தைக் காவல்துறை வாங்க வேண்டும். வழக்கமான பாணியில் கைது செய்யக் கூடாது. ஆனால் இந்தக் கேடயம் கத்தி பிடித்த கைக்குத்தான். வாய் திறந்த மருத்துவருக்கு இது உதவாது.

இங்கே நம் தோழர்களுக்கு ஒரு தயக்கம் வரும். கைதுக்கு முன் விசாரணை என்ற இதே வாதத்தைத்தானே 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் நுழைத்தது? ஏப்ரல் 2 பந்தில் உயிர்களைக் கொடுத்த பிறகுதானே நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது? தயக்கம் நியாயமானது. ஆனாலும் குற்றம் சாட்டப்பட்ட மருத்துவரின் தற்காப்பு நம்முடைய பிரச்சினையும்தான் என்கிறோம். காரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

சுதாகர் வெளியே வந்த அதே 2020 ஜூனில், 19 ஆம் தேதி சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் பிடித்துவைக்கப்பட்டார்கள். மறுநாள் அரசு மருத்துவமனையில் இருவருக்கும் உடல்தகுதிச் சான்று எழுதப்பட்டது. அதை வைத்து நீதித்துறை நடுவர் ரிமாண்ட் செய்தார். 22 ஆம் தேதி இரவு மகனும் 23 ஆம் தேதி காலை தகப்பனும் கோவில்பட்டியில் இறந்தார்கள். கடை வைத்து நடத்திய குடும்பத்துக்கே அந்தத் தாள் இவ்வளவுதான் காப்பு என்றால், சேரியிலிருந்து ராத்திரி தூக்கிப்போகும் பையனுக்கு என்ன மிஞ்சும்?

சான்று கொடுத்தவர்மீதும் நடவடிக்கை வேண்டும் என்று அன்று குரல் எழுந்தது. எழ வேண்டியதுதான். ஆனால் அப்படிப்பட்ட விசாரணை எதுவானாலும் எழுத்துப்பூர்வக் குற்றச்சாட்டு, வக்கீல், குறுக்கு விசாரணை மூன்றும் வேண்டும். கையெழுத்துப் போட்டபோது அறைக்குள் எத்தனை போலீஸ் நின்றது, என்ன சொன்னது என்பதெல்லாம் மருத்துவர் தன்னைக் காத்துக்கொள்ளப் பேசும்போதுதான் பதிவாகும். அவர் வாயை அடைத்துத் தண்டித்தால் தப்பிப்பது காக்கிச் சட்டை.

மறுத்து எழுதும் மருத்துவருக்குக் கையில் சில பிடிகள் உண்டு. அரசு ஊழியரைக் குற்றச்சாட்டைச் சொல்லி, பதிலைக் கேட்காமல் பணிநீக்க முடியாது என்கிறது அரசியல் சட்டத்தின் 311(2). குற்றச்சாட்டுக் குறிப்பாணையே தராமல் பணியிடை நீக்கத்தை மூன்று மாதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2015 இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மருத்துவக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் உடற்கூறியலோடு இதையும் படித்துக்கொள்ளட்டும்.

காவலில் இருப்பவரின் வீட்டாருக்கும் ஒரு பிடி உண்டு. கைதானவரைப் பரிசோதிக்கும் மருத்துவர் காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் எழுத வேண்டும். அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ கொடுக்க வேண்டும். பழைய சட்டத்தில் 54 ஆம் பிரிவு, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 53. ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடக்கும் நேரத்தில் ஒருவராவது ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த நகலைக் கேளுங்கள்.