முதுகில் மகள், கையில் மருந்து

பிள்ளைச்சாவடியிலிருந்து வரும் என் மாணவி, மாதவிடாய் அதிகப்போக்குக்குத் தனக்கு எழுதித்தந்த டிரானெக்சாமிக் அமில மாத்திரையை அக்காவுக்கும் கொடுக்கவிருந்தாள். அக்காவுக்கு முன்பு காலில் ரத்தம் உறைந்ததுண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு இது ஆபத்து. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இதைச் சொல்லப்போய், மருந்தைக் கண்டவரின் கதைக்கு வந்தேன். ஜப்பானின் உத்தாகோ ஒகமோட்டோ மகளை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் நின்றவர். கட்டுரை வாசிக்க எழுந்தபோது, நடனமாடப் போகிறீர்களா என்று ஆண்கள் கேட்டார்களாம். கணவர் ஷோசுகேயுடன் 1962இல் இதை அறிவித்தார். பேறுகால ரத்தப்பெருக்கில் சாகும் பெண்களுக்காகவே தேடினார். அவ்வூர் மகப்பேறு மருத்துவர்களோ சோதித்துப் பார்க்க முன்வரவில்லை.

21 நாடுகளில் 20,060 தாய்மாரிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. பிரசவித்த 3 மணி நேரத்துக்குள் ஊசியாகக் கொடுத்தால், ரத்தப்போக்கால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைகிறது. உத்தாகோ முந்தைய ஆண்டே, 98 வயதில், இறந்துவிட்டிருந்தார்.